மாடி வீட்டுக்காரன்

எழில்மதியின் காலை யாராவது மிதித்துவிட்டால், மன்னிப்பு கேட்பவள் எழில்மதியாகத்தான் இருப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் அவள் துண்டு போட்டு வைத்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துகொண்டால், "பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு, கள்ளக்குறிச்சி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே மலை இறங்குவாள். பார்க்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான் செழியன். வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எழில்மதியின் வீடு இங்கிருந்து உள்ளே தள்ளி ஒரு குக்கிராமத்தில். அப்பாவின் பெயர் பாவாடை. அவருக்குக் கொஞ்சம் மேட்டு நிலம்; சாமையும் மரவள்ளியும் போடுவார். அம்மா காசியம்மாள் கூலிக்குக் களையெடுக்கப் போகிறவர். அந்த ஊரில் செல்போன் எடுக்காது. ஆகவே எழில்மதி மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டது, சீட் கிடைத்த செய்தியைப் பார்த்தது எல்லாமே என் கடையில்தான். புதுச்சேரியில் எம்.ஏ. பிரெஞ்சு என்று திரையில் வந்ததும், நான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டேன் என்று பயந்துபோனேன்.

"ஏம்மா பிரெஞ்சு?" என்றேன்.

"இங்கிலீசுக்கு ஜாஸ்தி கூட்டம்ணா. இடிச்சிக்கினு நிக்கணும்."

இப்படிக் கூட்டத்துக்கு ஒதுங்கியே ஒருத்தி ஐரோப்பா வரைக்கும் போவாள் என்று யாருக்குத் தெரியும்?

பாவாடை பக்கத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். "அத்தப் படிச்சா இன்னா வேல குடுப்பாங்க?"

"அதையே சொல்லிக் குடுக்கற வேலதான் மாமா."

"கத்துக்கினவன் இன்னா பண்ணுவான்?"

"அவனும் நாலு பேருக்குச் சொல்லிக் குடுப்பான்."

"அப்ப முடியாத வேலதான். நல்ல வேல," என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

எழில்மதி நன்றாகவே படித்தாள். நாடகம், நாவல், கவிதை என்று அந்தத் தேசத்தார் எழுதியதையெல்லாம் படித்தாள். விடுமுறைக்கு வரும்போது என் கடையில் நின்று கதை சொல்வாள். அந்தக் கதைகளில் விருந்துக்குக் கூப்பிட்டவனிடமே, அவன் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, 'நீ சொல்வது சுத்தத் தப்பு' என்பார்களாம். அவனும் திருப்பிச் சண்டை போட்டுவிட்டு இன்னொரு கரண்டி பரிமாறுவானாம். அதைச் சொல்லும்போதே இவளுக்கு வேர்க்கும்.

அதுதான் பிறகு வினையாக வந்தது. பிரெஞ்சு தேசத்திலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் உதவித்தொகையோடு படிக்க ஒரு வாய்ப்பு வந்தது. வீடியோ அழைப்பில் நேர்முகத் தேர்வு. ஏதாவது ஒரு சூழ்நிலையைக் கொடுத்து நடிக்கச் சொல்வார்களாம். பேராசிரியை நிர்மலா முன்னதாகவே ஒத்திகை வைத்தார். 'உன் மாடி வீட்டுக்காரன் ராத்திரியெல்லாம் சத்தமாகப் பாட்டு வைக்கிறான். போய்த் தட்டிக்கேள்.' எழில்மதி போய், பாட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது, நான் பகலில் தூங்கிக்கொள்கிறேன் என்று அழகான பிரெஞ்சில் சொல்லிவிட்டு வந்தாளாம். நிர்மலா தலையில் அடித்துக்கொண்டாராம். "இலக்கணத்துல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா இப்படிப் பேசினா, உனக்குன்னு ஒரு கருத்தே இல்லைன்னு உன்னைக் கழிச்சிடுவாங்க. ஒரே ஒரு தடவை சண்டை போடேன்!"

தேர்வு தீபாவளி விடுமுறையில் வந்து விழுந்தது. கள்ளக்குறிச்சியில் தோழி வீட்டில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. அன்று காலை பஸ் ஏற வந்தால், ராத்திரி மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்து மதியம் வரை பஸ்ஸே மேலே வரவில்லை. இந்த வாய்ப்பு போனால் அடுத்த வருடம் கிடையாது. அதற்குள் படிப்பு முடிந்துவிடும். அவள் முகத்தைப் பார்த்தேன். ஜெராக்ஸ் மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்து, "இங்கியே பேசு" என்றேன்.

அந்த நேரத்தில் நான் ஒன்றை யோசிக்கவில்லை. வராத பஸ்ஸுக்காக அரை ஊர் என் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. அவர்களுக்கும் வேறு வேலை இல்லை.

கூட்டத்துக்கு முன்னால் கடுக்காய் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர் தைலம்மாள். பாவாடையின் அக்கா, எழில்மதியின் அத்தை. அவர் வாய்க்குப் பயந்து மலைப்பாதை பஸ் கண்டக்டர்கள் மாற்றல் கேட்பதாகக் கேலி பேசுவோம். திரையில் இரண்டு பெண்களும் ஒரு வழுக்கைத் தலைக்காரரும் வந்தார்கள். நன்றாகத்தான் ஆரம்பித்தது. பிறகு வழுக்கைத் தலை கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, எரிந்து விழுந்து பேச ஆரம்பித்தார். "அதே மாடி வூட்டுக்காரன்ணா" என்று எழில்மதி என் பக்கம் திரும்பி முணுமுணுத்தாள். எழில்மதியின் குரல் தேய்ந்தது. கண் கலங்கியது.

"யார்ரா இவன்? எங்க பொண்ண மெரட்டிக்கினு இருக்கான்?" என்றார் தைலம்மாள்.

"பரீச்சக்கா. அவரு மாடி வூட்டுக்காரன் மாதிரி நடிக்கறாரு. ராத்திரில பாட்டு வெக்கிறாராம். இது நிறுத்தச் சொல்லுது, அவரு மாட்டேங்கறாரு," என்று மெதுவாகச் சொன்னேன். நான் சொன்னதில் பாட்டு மட்டும் கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. பரீட்சை நடுவழியிலேயே விழுந்துவிட்டது.

"பொம்பளப் புள்ள ஒண்டியா இருக்கற வூட்டு மேல பாட்டா?" என்று ஒரு குரல். "புதுச்சேரிக்கு ஜீப் எடுங்கடா!" என்று இன்னொரு குரல். நான் தடுப்பதற்குள் தைலம்மாள் மூட்டையிலிருந்து எழுந்து, எழில்மதியின் தோளுக்கு மேலாகப் போனுக்குள் முகத்தை நீட்டினார்.

"யோவ்! உன் வூட்ல பெரியவங்க யாரும் இல்லியா? ராவெல்லாம் பாட்டு போட்டா புள்ள எப்பிடிய்யா படிக்கும்?"

வழுக்கைத் தலைக்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவுதான், நாமே கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் எழில்மதி திரும்பினாள். பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபம் முழுக்க அன்று வெளியே வந்தது. கத்தினாள். அத்தையைப் பார்த்து, என்னைப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்து, கையை ஆட்டி, காலை உதைத்து, முழுக்க முழுக்க பிரெஞ்சில். எங்களுக்கு அது தெரியாது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் அத்தனை பேரும் கீழே உட்கார்ந்தோம். தைலம்மாளும் உட்கார்ந்தார். அவரை ஒருவர் உட்காரவைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் அவள் போன் பக்கம் திரும்பி, மாடி வீட்டுக்காரனைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒன்று சொன்னால் இவள் மூன்று சொன்னாள். கட்டியிருந்த கை அவிழ்ந்தது. கடைசியில் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். மற்ற இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார்கள். இவள் அத்தையைக் காட்டிப் பதில் சொன்னாள்.

"இன்னா சொன்ன?" என்றார் தைலம்மாள், பிறகு.

"யாருன்னு கேட்டாங்க. எங்க அத்த, அவங்களும் பாட்ட நிறுத்தச் சொல்றாங்கன்னு சொன்னேன்."

"நிறுத்தறானா, இல்லியா?"

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் ஊரில் யாரும் இடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்த மாடி வூட்டுக்காரன் அடங்கிட்டானா?" என்றுதான் கேட்டார்கள். அப்படி ஒருத்தன் இல்லவே இல்லை என்று நான் எடுத்துச் சொன்னால், அவனிடம் பணம் வாங்கிவிட்டேனா என்பதுபோல் பார்த்தார்கள். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் வழியனுப்பும்போது காசியம்மாள் மகளுக்குச் சொன்ன ஒரே புத்திமதி, "மேல யாரும் இல்லாத வூடா பாத்துக் குடி போ" என்பதுதான்.

அவள் போன பிறகு காசியம்மாள் தினமும் சாயங்காலம் என் கடைக்கு வந்து மகளோடு பேசுவார். அங்கே அப்போது மதியமாம். தூரதேசம் என்பதால் கத்திப் பேச வேண்டும் என்று நினைப்பு. முதல் நாளே கேட்டார்.

"மேல யாரு இருக்காங்க?"

"ஒரு வயசான அம்மா. ஒண்டியாத்தான் இருக்காங்க. சத்தமே கெடையாதும்மா."

சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். காசியம்மாளின் முகம் மாறியது. "சத்தமே இல்லியா? ஒண்டியா இருக்கறவங்க வூட்ல சத்தமே இல்லன்னா இன்னா அர்த்தம்? ஏறிப் போயி சாப்டாங்களான்னு கேளுடி!"

அந்த ஊரில் அப்படிச் சொல்லாமல் போய்க் கதவைத் தட்ட மாட்டார்கள் என்று எழில்மதி எவ்வளவோ சொன்னாள். அம்மா விடவில்லை. தயங்கித் தயங்கி, அடுத்த திங்கட்கிழமைதான் மாடி ஏறினாளாம். கதவைத் திறந்த அந்த அம்மா இவளைப் பார்த்ததுமே சண்டைக்கு வந்தாராம்.

"கீழ் வீட்டுப் பெண் நீதானா? தினமும் மதியம் உன் போனில் ஒரு அம்மா கத்துவது என் சமையலறை வரை கேட்கிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை ஏன் கேட்கவில்லை? என்னமோ ஏதோ என்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை!"

ஞாயிற்றுக்கிழமை அதுவரை என் கடைக்கு விடுமுறையாக இருந்தது. இப்போது அன்றைக்கும் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஜெராக்ஸ் கூட ஓடுவதில்லை. ஏன் என்று என் மனைவி கேட்டால், மாடி வீட்டுக்காரம்மா சாப்பிட வேண்டாமா என்கிறேன்.