எதிர்வாடைக் கசாயக்காரர்

ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே தள்ளுவண்டியில் கசாயம் விற்பவர் அவர். வேப்பங்கொழுந்து, வெந்தயம், காய்ந்த ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் ஓமம். சாப்பாட்டுக்கு முன் அரை டம்ளர் குடித்தால் பசி எடுக்கும், உப்புசம் இறங்கும் என்று நர்ஸுகள்கூட வருவார்கள். அவருடைய தங்கை மட்டும் வரமாட்டாள். அதே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவள் அவள். ஏழு வருஷத்துக்கு முன் அப்பாவை ஆபரேஷனுக்குச் சேர்த்தது அவள்தான், அப்பா பிழைக்கவில்லை. "நீதான்டி கொன்னே" என்று சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் கத்தினார் அண்ணன். அதோடு பேச்சு நின்றது.

பிறகு அவருக்கே வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. ஒரு வாரம் தன் கசாயத்தையே குடித்துப் பார்த்தார். வலி கூடியதுதான் மிச்சம். மனைவி நச்சரித்து எதிரே ஆஸ்பத்திரிக்கே இழுத்துப்போக, டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் அறைக் கதவைத் திறந்தால் தங்கை.

"வேற ஆளே இல்லையா?"

"இருக்காரு. மத்தியானம் வருவாரு. அதுவரைக்கும் வயித்தப் புடிச்சுக்கிட்டு வெளிய உக்காரு."

பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தார். ஜில்லென்று பசையை அப்பி, திரையையே பார்த்தாள்.

"பித்தப்பை பூரா கல்லு. கசப்பு உள்ள போனா பை சுருங்கும், கல்லு நகர்ந்து வழிய அடைச்சுக்கும். இனிமே அதத் தொடாத."

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தானே பாக்குற?"

"எக்கேடோ கெட்டுப் போ!"

அன்று சாயங்காலமே, ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்தபடி, வீம்புக்கு இரண்டு டம்ளர் குடித்தார். மூன்றாம் நாள் வண்டியடியிலேயே சுருண்டு விழுந்தார். கண் மஞ்சளாகியிருந்தது. நாலு பேர் சாலையைக் கடந்து தூக்கிப்போனார்கள். ஆபரேஷன் நடந்தது.

வார்டுக்குத் தங்கை வந்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேடிக்கை பாத்தாச்சுல்ல? கிளம்பு."

"இருக்கியா போயிட்டியான்னு பாக்கத்தான் வந்தேன்."

வெளியே வந்தவள் அவர் மனைவியிடம் மட்டும் கேட்டாள்: "காத்து பிரிஞ்சுதா அண்ணி?"

"காலையிலயே பிரிஞ்சுது."

"சரி, குடல் வேலை செய்யுது. நான் கேட்டதா சொல்லாதீங்க."

இரண்டு மாதத்தில் வண்டி திரும்ப வந்தது. வலது விலாவைப் பிடித்துக்கொண்டு யாராவது டம்ளரை நீட்டினால் பானையை மூடிவிடுகிறார்.

"உனக்குக் கிடையாது. எதுத்தாப்ல போய் ஸ்கேன் எடு. அங்க ஒரு ராட்சசி இருப்பா. வாய் சுத்த மோசம். ஆனா பாக்க வேண்டியத சரியாப் பாப்பா."

வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி வருகிறார்கள். "அந்தக் கிறுக்கன் அனுப்பினானா? படுங்க" என்கிறாள் அவள். அண்ணனும் தங்கையும் மட்டும் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை.