மயில்கழுத்து நிறக் கார்

கண்ணாடிக்கடையின் பின்னறையில் இருபத்தாறு வருஷமாக லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவளை எல்லாரும் லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், வயதில் மூத்த முதலாளி உட்பட. முன்பக்கம் வாடிக்கையாளர்கள் ஃபிரேம்களை மாட்டிக்கொண்டு முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார்கள். பின்பக்கம் இவள் தண்ணீர் சொட்டும் சக்கரத்தில் லென்ஸின் விளிம்பை வைத்து, ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்ப்பாள். ஒரு நூல் கூடினால் உட்காராது, ஒரு நூல் குறைந்தால் கழன்று விழும். கைக்கு அந்த அளவு பழகிப்போய்விட்டதால் மனதுக்கு அங்கே வேலை இல்லை. அது தன்பாட்டுக்கு எங்காவது போய்விடும்.

பெரும்பாலும் காரில்தான் போகும். பதினான்கு வயதில் ஒருநாள் சாலையைக் கடக்க நின்றபோது அவள் முன்னால் இரண்டு கதவுள்ள ஒரு கார் வந்து நின்றது. நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத மயில்கழுத்து நிறம். உருண்டை விளக்குகள். உள்ளே தனியாக ஒரு பெண், முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டு, எதற்கும் அவசரப்படாதவளாக உட்கார்ந்திருந்தாள். சிக்னல் மாறியது, கார் போய்விட்டது. அந்தப் பெண் எங்கே போயிருப்பாள் என்று லென்ஸ் அக்கா முப்பது வருஷத்துக்கு மேல் யோசித்துவிட்டாள்.

கடைக்கு வருஷம் தவறாமல் ஒரு பல் டாக்டர் வருவார். வருஷத்துக்கு வருஷம் அவருடைய லென்ஸின் கனம் ஏறிக்கொண்டே போனது. கண்ணாடி தயாராகும்வரை பின்னறைக் கதவருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். தன்னிடம் இப்படி ஒரு கார் இருக்கிறது என்று நிறம் முதற்கொண்டு அவர் சொன்னபோது, அவள் ஒரு லென்ஸை உடைத்தே விட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் கையில் உடைந்தது அது ஒன்றுதான்.

பிறகு ஒரு வருஷம் அவர் கண் டாக்டரின் சீட்டில்லாமல் வந்தார்.

"இனிமே நீ என்ன தேய்ச்சாலும் பிரயோஜனம் இல்லைன்னு கண் டாக்டர் சொல்லிட்டார்மா. வண்டியைக் குடுத்துடலாம்னு இருக்கேன். வேற யாருக்கும் சொல்லல. நீ வந்து பாரு."

கணவரை அழைத்துக்கொண்டு போனாள். அவர் பஸ் டெப்போவில் நேரம் குறிப்பவர். எந்தப் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று நாள் முழுக்க எழுதி எழுதி, சக்கரம் வைத்த எதைப் பார்த்தாலும் அலுப்பு வந்துவிட்ட மனிதர். எங்கு போனாலும் நடந்தே போவார். டாக்டர் வீட்டு ஷெட்டில் காரை மூடியிருந்த துணியை உருவியதும் அவரே அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். இருபத்திரண்டு வருஷக் கார் நேற்று வாங்கியதுபோல நின்றது. உள்ளே குனிந்து பார்த்தார். ஓடியிருந்த தூரம் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

"எங்க டெப்போ வண்டி இதை ஒரே மாசத்துல ஓட்டிடுமே!" என்றார்.

"பொத்திப் பொத்தி வச்சிருந்தேன்" என்றார் டாக்டர்.

மாடியில் ஒரு அறை கட்டச் சேர்த்து வைத்திருந்தது காராக வீட்டுக்கு வந்தது. வந்த மூன்றாம் நாள் பெட்ரோல் ஒழுகியது. நான்காம் நாள் பிரேக் பிடித்தது பிடித்தபடியே நின்றுவிட்டது. மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்பார். கேட்டு முடித்துப் பெருமூச்சு விட்டார்.

"அக்கா, ஓடின வண்டிக்கு ஒரு வியாதின்னா, நின்ன வண்டிக்கு உடம்பெல்லாம் வியாதி. ரப்பர் பூரா இறுகிப்போச்சு. டேங்க்குள்ள துரு. டயர் பாக்கத்தான் புதுசு, தொட்டா வெடிக்கும். கம்மியா ஓடியிருக்குன்னு சொல்லித்தானே குடுத்தாங்க?"

"ஆமா தம்பி."

"அதான் கோளாறே."

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவனுக்கு மூன்றாவதாக ஒன்று சொல்லத் தெரியாமல் போய்விட்டது என்றார் கணவர். ஆனாலும் யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுவானேன்? அவள் இன்னொரு கடையின் லென்ஸ்களையும் வாங்கி மாலையில் தேய்த்துக் கொடுத்தாள். ஒரு சம்பளம் டேங்க்குக்குப் போனது, இன்னொன்று பிரேக்குக்கு. பெட்ரோல் பம்ப் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. கடல் தாண்டி ஏதோ ஒரு பழைய இரும்புக் கிடங்கிலிருந்து அது வந்துசேர ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் அவள் ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்துவிட்டாள்.

அந்த ஏழு மாதமும் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவள் தங்கள் வீட்டு ஷெட்டுக்குள் போய்க் காரில் உட்கார்ந்துகொள்வாள். கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் அப்படியே அடங்கிவிடும். மேலே இருந்த சிறிய ஜன்னல் வழியாக வெயில் முன்கண்ணாடியில் விழுந்து, மெல்ல நகர்ந்து, மரப்பலகை பதித்த டாஷ்போர்டில் ஏறும். பழைய தோலின் வாசனை. ஸ்டீயரிங்கில் கையை வைத்தால் போதும், சாலை தானாக வந்துவிடும். இரண்டு பக்கமும் மரங்கள், ஆளில்லாத ஒரு பாலம், மலையை அரைவட்டமாகச் சுற்றி இறங்கும் வளைவு. வளைவுக்கு அப்புறம் என்ன என்பதைப் பார்க்கும் முன் வெயில் நகர்ந்து போயிருக்கும்.

ஒருநாள் கணவர் டீயோடு வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"என்ன டிரைவர், வண்டி எங்க போகுது?"

"தெரியலைங்க. இப்பதான் ஊரைத் தாண்டியிருக்கு."

"டீக்கு நிறுத்தலாமா?"

"ரெண்டு நிமிஷம். ஒரு லாரி பின்னாடியே வருது, வழி விட்டுடறேன்."

அவர் சிரிக்கவில்லை. லாரி போகும்வரை உண்மையாகவே காத்திருந்துவிட்டுத்தான் டம்ளரை நீட்டினார்.

பம்ப் வந்தது, எஞ்சின் பேசியது. காதுக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தபடி முதல்முறையாகச் சிரித்தார். ஆனால் வண்டி தெருமுனையைத் தாண்டவில்லை. எங்கிருந்தோ தகவல் தெரிந்து ஒரு பழங்கார் பிரியர் போன் செய்திருந்தார். பத்தாயிரம் கிலோமீட்டருக்குக் கீழே இருக்கும்வரை அது வைரம், தாண்டிவிட்டால் வெறும் பழைய கார், எப்போது கொடுப்பதானாலும் சொல்லுங்கள் என்றார். கொடுக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. இருந்தாலும் அந்தப் பேச்சு மனதில் முள்ளாக நின்றுவிட்டது. தெருமுனைவரை போவாள், திரும்பிவிடுவாள். சுத்தமான துணியால் துடைத்து மூடிவிடுவாள்.

அப்படியிருக்கும்போதுதான் டாக்டர் போன் செய்தார். அநேகமாகப் பார்வை முழுவதுமே போய்விட்டிருந்தது. "ஒரு தடவை உள்ள உக்காந்துட்டுப் போயிடறேன்மா" என்றார்.

வந்தார். கைத்தடியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கதவைத் தடவி, கூரையைத் தடவி, உள்ளே அமர்ந்தார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி இருக்கு. வாங்கின அன்னிக்கே அங்க போகணும்னு நினைச்சேன்" என்றார்.

"போகலையா டாக்டர்?"

"எங்கம்மா? ஒருநாள் மழை. ஒருநாள் ரோட்டுல ஜல்லி கொட்டியிருக்குன்னாங்க. பல் பிடுங்கறப்ப நடுங்காத கை, இந்த ஸ்டீயரிங்கைப் பிடிச்சா நடுங்கும், எங்கயாவது கீறிடுமோன்னு. நல்ல நாளா பாத்துப் போவோம்னு தள்ளித் தள்ளி... கண்ணு முந்திக்கிச்சு."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பினா ஒன்பதரைக்குப் போயிடலாம்" என்றார், தன்னையும் சேர்த்துக்கொண்டு.

ஞாயிறு விடியலில் மூன்று பேரும் கிளம்பினார்கள். டாக்டர் முன்னால், கணவர் பின்னால் கால்களை மடக்கிக்கொண்டு. ஊர் முடிந்ததும் பனி ஆரம்பித்தது. வெளிச்சம் வெண்மையாகக் கரைந்து கிடந்த சாலையில் கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. இத்தனை வருஷம் மனதில் ஓட்டிய சாலைகளில் எதுவும் இதைப்போல இல்லை. இந்தச் சாலை அவ்வப்போது குலுக்கியது, ஈரமண் வாசனை அடித்தது, ஒரு நாய் குறுக்கே ஓடியது. கனவில் நாய் வந்ததே இல்லை.

பாதி மலையில் எஞ்சின் முன்மூடியின் கீழிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. ஓரங்கட்டினாள். தண்ணீர்க் குழாய் வெடித்திருந்தது. காதுக்காரர் முன்யோசனையாக டிக்கியில் ஒரு நீளக் குழாயும் கத்தியும் அதை இறுக்க இரண்டு கவ்வியும் ஒரு கேன் தண்ணீரும் போட்டு அனுப்பியிருந்தார். அத்தனை மாதம் அவர் பக்கத்தில் நின்று பார்த்ததில் பாதி வேலை அவளுக்கும் வந்திருந்தது. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பழைய குழாயைக் கழற்றிப் புதியதோடு சேர்த்துப் பிடித்து, கண்ணாலேயே அளந்து வெட்டினாள். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

"அளவு சரியா இருக்கா?" என்று உள்ளேயிருந்து டாக்டர் கேட்டார்.

"நீங்க இருபது வருஷம் போட்ட கண்ணாடியை வெட்டின கை டாக்டர்."

"அப்போ சரிதான்" என்று சாய்ந்துகொண்டார்.

ஒன்பதரைக்குப் போக வேண்டியவர்கள் பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தாமதத்தைக் கணவர் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். ஏரி அசையாமல் கிடந்தது. கரையில் வேறு யாரும் இல்லை.

"தண்ணி என்ன நிறம்?" என்றார் டாக்டர்.

அவள் பார்த்தாள். "ஓரத்துல டீ நிறம். நடுவுல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு, தேய்ச்சு முடிச்ச லென்ஸ் மாதிரி. மலை தலைகீழா உள்ள நிக்குது."

"போதும்" என்றார். ஜன்னலை இறக்கிவிட்டு, காற்று முகத்தில் பட, சற்று நேரத்தில் தூங்கிப்போனார். இருவரும் அவரை எழுப்பவில்லை. சூடு ஆறாத முன்மூடியில் சாய்ந்து நின்றார்கள். மேகம் ஒன்று தண்ணீரில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போனது. இருபது வருஷத்தில் கணவர் கடிகாரத்தைப் பார்க்காமல் நின்ற அரைமணி நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாளிலிருந்து அவள் காரிலேயே வேலைக்குப் போனாள். வழியில் டெப்போ வாசலில் கணவரை இறக்கிவிடுவாள். பழங்கார் பிரியர் திரும்ப அழைத்தபோது, "இல்லைங்க, வண்டி ஓடிட்டிருக்கு" என்று மட்டும் சொன்னாள். செலவு நின்றபாடில்லை. ஒருமுறை ஜன்னல் இறங்கியது ஏறவில்லை. மழையில் மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டினாள். இன்னொருமுறை கியர் மாட்டிக்கொண்டு, இரண்டாவதிலேயே ஊர்ந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தாள். மாடியில் அறை இன்னும் எழும்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, டெப்போவுக்கு முந்தின சிக்னலில், பக்கத்திலிருந்த கணவர் குனிந்து எட்டிப் பார்த்தார். மீட்டரில் ஒன்பதுகள் எல்லாம் ஒன்றாகப் புரண்டு பூஜ்யங்களாகியிருந்தன.

"பத்தாயிரம்" என்றார். கை தானாக நோட்டை எடுத்தது. "நேரம் எட்டு அம்பத்திரண்டு."

அவள் அதைப் பார்க்கவில்லை. சிக்னல் மாறியிருந்தது, பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.