‘ஆகட்டுங்க, பாக்கலாமுங்க’

வீடு, கடை, ஆபீஸ் எதுவானாலும் உள்ளே மரவேலை, சீலிங், அலமாரி எல்லாம் செய்ய எவ்வளவு ஆகும் என்று எஸ்டிமேட் போடுவது என் வேலை. கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறவரைக்கும் எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும். இதே பிழைப்பு பிழைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

நான் கும்பகோணத்துக்காரி. கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை என்று வந்தோம். வந்த வேகத்தில் அவர் கம்பெனியை மூடிவிட்டார்கள். எனக்கு ஒரு இன்டீரியர் கம்பெனியில் தற்காலிகமாக இடம் கிடைத்தது. தீபாவளிக்குள் என் எஸ்டிமேட்டில் ஒரு வேலையாவது கிடைத்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. அப்போது எங்கள் வீட்டில் உலை கொதித்தது என் சம்பளத்தில்தான்.

இளநீர் மரியாதை

முதலில் உடுமலைப்பேட்டை. தேங்காய் வியாபாரி ஒருவர் வீட்டுக்கு வார்ட்ரோப், டிவி அலமாரி, பூஜை அறைக் கதவு. போனதும் இளநீர். அளவெடுத்து முடித்ததும் இலை போட்டுச் சாப்பாடு. எஸ்டிமேட்டைக் கொடுத்தபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. நிதானமாகப் படித்துவிட்டு, “நெம்ப சந்தோசமுங்க. ஆகட்டுங்க, பாக்கலாமுங்க” என்றார். கிளம்பும்போது வண்டியில் ஒரு மூட்டை தேங்காய் வேறு!

ஆபீசுக்குள் நுழைந்ததும், “வேலை பிடிச்சாச்சு!” என்று கத்தினேன். பில்லிங் பார்க்கும் ஸ்டெல்லா அக்கா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் நிமிர்ந்து, “என்ன சொன்னாருன்னு அப்படியே சொல்லுங்க” என்றார். சொன்னேன். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அம்மணி, ‘ஆகட்டுங்க பாக்கலாமுங்க’ன்னா எங்கூர்ல ‘வேண்டாமுங்க’ன்னு அர்த்தம். தேங்கா வேற குடுத்தாருன்னா, நெசமாவே வேண்டாமுங்க.”

ரெண்டு கிச்சன்

அடுத்தது கிணத்துக்கடவு. புது வீட்டுக்கு மாடுலர் கிச்சன் வேண்டும் என்றார் அந்த வீட்டு அம்மா. பளபளவென்று லேமினேட், சத்தமில்லாமல் மூடும் டிராயர், புகைபோக்கி என்று ஆசை ஆசையாக எழுதிக்கொண்டேன். பிறகு பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு இடத்தைக் காட்டி, “இங்கயும் ஒரு கிச்சனுங்க. சும்மா கல்லு மேடை போதும்” என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “அப்ப முன்னாடி இருக்கிறது எதுக்கும்மா?” என்று கேட்டேன். அவரும் வேலையைக் கொடுக்கவில்லை. ‘ஆகட்டுங்க’வும் மோரும்தான் கொடுத்தார். ஆனால் அவர் சொன்ன பதிலுக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் “ஒரு கிச்சனா, ரெண்டாம்மா?” என்று கேட்கத் தெரிந்துகொண்டேன்.

“முன்னாடி இருக்கறது ஒறம்பரை, விருந்தாளுங்க வந்தா பாக்கறதுக்குங்க. அதுல போயி யாராச்சும் மீன் வறுப்பாங்களா கண்ணு?”

அவிநாசிச் சண்டை

தீபாவளி நெருங்கிவிட்டது. கடைசியாக அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனி. முதலாளி ராஜேஸ்வரி அம்மா. புது ஆபீஸ் முழுக்கச் செய்ய வேண்டும். இளநீர் வரவில்லை, மோர் வரவில்லை, உட்காரக்கூடச் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எஸ்டிமேட்டை வரிவரியாக உரக்கப் படித்தார்.

“கீலுக்குத் தனி வெலையா? கீலு இல்லாம கதவு எப்படிங்க நிக்கும்? இதென்ன, ஏத்துக் கூலி, எறக்குக் கூலி? பிளைவுட்டு என்ன ஒறம்பரையா, கையப் புடிச்சு எறக்கிவுட?”

எத்தனை நேரம்தான் பொறுப்பது? எனக்கும் வாய் உண்டு. “கீல் வேண்டாம்னா திரை மாட்டித் தரேம்மா. கூலி வேண்டாம்னா நீங்களே தலையில தூக்கிட்டு வந்துடுங்க” என்றேன். சொன்ன பிறகுதான் வீட்டு வாடகை ஞாபகம் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வர, காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். ஸ்கூட்டர் சாவியைத் தேடும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏனுங்க அம்மணி! பாதிச் சண்டையில எங்க போறீங்க? செய்யறதா இல்லீன்னா நான் எதுக்குத் தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன்? ‘ஆகட்டுங்க, பாக்கலாமுங்க’ன்னு மோரக் குடுத்து அனுப்பிருக்க மாட்டனா?”

முதலாளியின் மரியாதை

அட்வான்ஸ் செக்கோடு வந்து எங்கள் முதலாளி அறையில் நின்றேன். நான் சேர்ந்த நாளிலிருந்து மனிதர் என்னிடம் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. “வாங்க மேடம், உக்காருங்க மேடம்”தான். செக்கைப் பார்த்து, “நெம்ப சந்தோசமுங்க மேடம்” என்றார். தயங்கித் தயங்கி, “சார், அப்ப என் வேலை நிரந்தரம்...” என்று இழுத்தேன்.

அவர் சிரித்துக்கொண்டே, “ஆகட்டுங்க, பாக்கலாமுங்க” என்றார்.

ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னபோது அவர் முகம் செத்துப்போனது. “காப்பி ஏதாச்சும் குடுத்தாரா?” என்று பதறிப்போய்க் கேட்டார். குடுத்தார் என்றேன். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் நான் பையை வைப்பதற்குள் முதலாளி அறையிலிருந்து ஒரு சத்தம். ஓடினேன். அவிநாசி எஸ்டிமேட்டை மேஜையில் போட்டுத் தட்டினார். மேடமும் இல்லை, உட்காருங்களும் இல்லை. சீலிங் போட்டிருந்தேன், சீலிங்குக்குப் பெயிண்ட் போட மறந்திருந்தேன். அவர் திட்டத் திட்ட எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கதவோரம் நின்றிருந்த ஸ்டெல்லா அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முதலாளிக்கு நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று கடைசிவரைக்கும் புரியவில்லை.

“சிரிப்பு வேறயா? பெயிண்ட உட்டுப்போட்டு வந்து நிக்கறீங்க! ஏனம்மணி, இன்னும் எத்தன வருசத்துக்கு நான் உங்ககூட மாரடிக்கோணும்?”

இந்த ஊர் எனக்குக் கொடுத்த இளநீருக்கும் மோருக்கும் நன்றிதான், ஆனால் எங்கள் வீட்டில் சோறு வெந்தது அது கொடுத்த திட்டில்தான்.