கூப்பிட்டால் வராத நாய்

என் மகள் நாலாவது படிக்கும்போது, தொண்ணூறுகளின் நடுவில், நாய்க்குட்டி வேண்டும் என்று இரண்டு வேளை சாப்பிடாமல் அடம்பிடித்தாள். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். உண்ணி வரும், முடி கொட்டும், ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்கினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். மகளிடம் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் பிறப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. அதற்கு ஒரு பெயரும் இருந்தது. அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்போது அம்பத்தூரில், ஏரிக்குப் போகிற வழியில் புதிதாகப் போட்ட மனைகளில் ஒன்றில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். பக்கத்து மனைகளெல்லாம் முள்ளும் புதருமாகக் கிடந்தன. நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஷிஃப்ட் மாறி மாறி வரும். மனைவி தனியாக இருக்கிறாளே என்று, கூட வேலை செய்கிறவர் வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைச் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தேன். பாதி நாட்டு நாய், மீதி என்னவென்று தெரியாது. உடம்பெல்லாம் பழுப்பு, முன்னங்கால் ஒன்று மட்டும் சுண்ணாம்பில் தோய்த்த மாதிரி வெள்ளை.

மனைவி நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். நாற்பது வாண்டுகளை ஒரு நாள் முழுக்க அதட்டாமல் உட்காரவைக்கிற பொறுமை அவளுக்கு உண்டு. அந்தப் பொறுமையை நாயிடமும் காட்டினாள். டீக்கடையில் டீயில் தோய்த்துத் தின்கிற பொறை வாங்கி, நகக்கண் அளவுக்கு உடைத்து, பழைய பால் பவுடர் டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வாள். ஒரு துண்டைக் குட்டியின் மூக்குக்கு நேரே பிடித்து மெதுவாகத் தலைக்கு மேலே கொண்டுபோவாள். குட்டி அதைப் பார்க்க அண்ணாந்தால் பின்பக்கம் தானாகத் தரையில் படும். "உட்காரு" என்று அந்த நேரத்தில்தான் சொல்வாள். உடனே துண்டு வாய்க்குள் போகும். நாலே நாளில் டப்பாவைக் குலுக்கினால் ஓடிவந்து உட்கார்ந்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தது.

கூப்பிட்டால் வருவதையும் அப்படித்தான் பழக்கினாள். கொல்லையில் விளையாடும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். வந்தால் ஒரு துண்டு, கழுத்தில் ஒரு தடவல், "போ, போய் விளையாடு." ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிடுவாள். வேலை மெனக்கெட்டு இது என்ன கூத்து என்று எனக்குத் தோன்றும்.

"நாய்க்கு லஞ்சம் குடுத்து வேலை வாங்கறியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்களுக்கு மட்டும் தீபாவளிக்கு போனஸ் வேணும். அதுக்கு ஒரு பொறை கூடாதா?" என்றாள்.

ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். கம்பெனியில் நான் வரும் சத்தம் கேட்டாலே பேச்சு நிற்கும் என்பதில் எனக்கு ஒரு பெருமை. வீட்டில் ஒரு நாய் என் பேச்சைப் பயந்து கேட்க வேண்டும், பொறைக்காகக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். இதை எழுதும்போது கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

நாய்க்கு ஒரு வயதாகும்போது அதற்கு ஏரிக்கரைப் பைத்தியம் பிடித்தது. கேட் கொஞ்சம் திறந்திருந்தால் போதும், ஒரே ஓட்டம். அரை மணி கழித்து உடம்பெல்லாம் சேறாக, தெருக்கோடியில் தலையை நீட்டும். நான் கேட்டில் நின்று கூப்பிடுவேன். அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். வந்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அடிப்பேன். முதலில் நியூஸ் பேப்பரைச் சுருட்டி அடித்தேன். பேப்பர் கிழிந்துபோகிறது என்று, பிறகு அதன் கழுத்து பெல்ட்டையே கழற்றி அடித்தேன். "ஓடுவியா? இனிமே ஓடுவியா?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்பேன், அது பதில் சொல்லப்போகிற மாதிரி.

ஒருநாள் மனைவி வந்து என் கையைப் பிடித்தாள்.

"எதுக்கு அடிக்கிறீங்க?"

"ஓடுனதுக்கு."

"அது ஓடி அரை மணியாச்சு. இப்ப வந்துச்சு. நீங்க கூப்பிட்டீங்க, வந்துச்சு. வந்ததுக்குத்தான் அடி வாங்குது."

எல்.கே.ஜி. பாடத்தை என்னிடம் நடத்தாதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவள் சொன்னது புரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். புரிந்தது. என் மனைவியிடம் தோற்க எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் நாய் உடனே வருவதை நிறுத்தியது. பத்தடி தள்ளி நின்று என் கையைப் பார்க்கும். கை காலியாக இருந்தால் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு வரும். அந்த வருகையைப் பார்த்து, பையன் வழிக்கு வந்துவிட்டான் என்று நான் மகிழ்ந்துபோனேன். அவள் டப்பாவைக் குலுக்கினால் மட்டும் எந்த மூலையில் இருந்தாலும் காது பறக்க ஓடிவரும்.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் அவள் மாங்காடு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டுபோய் வேண்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது, எதற்கு வேண்டினாள் என்று சொல்லத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பி, பூந்தமல்லி போய் பஸ் மாறிப் போவாள். நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, எனக்கு மதிய ஷிஃப்ட். வீட்டில் நானும் நாயும்தான். அதற்கு உண்ணி பார்க்கலாம் என்று பெல்ட்டைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, முன்வாசலில் உட்கார்ந்து பிடுங்கினேன். காதோரம் ஒன்றை வெடுக்கென்று இழுத்துவிட்டேன் போலிருக்கிறது, அது கத்தித் திமிறியது. நான் ஒரு அறை விட்டேன். சாத்தாமல் வைத்திருந்த கேட் வழியாக வெளியே பாய்ந்தது.

அதே நேரத்தில் தெருவில் நாய் வண்டி நின்றுகொண்டிருந்தது. பெல்ட்டும் நகராட்சி லைசென்ஸ் வில்லையும் இல்லாத நாய்களைப் பிடித்துப்போகிற வண்டி. பிடித்துப்போன நாய் திரும்பி வந்ததாக அந்தக் காலத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. எதிர் மனையில் என் நாய் நின்றது. இரண்டு பக்கமும் சுருக்குக் கம்பியோடு இரண்டு ஆட்கள். நான் கத்திக்கொண்டு ஓடினேன்.

"இன்னா சார், உன் நாயா?" என்றார் வயதில் மூத்தவர்.

"ஆமாம்பா, என்னுதுதான்."

"கய்த்துல பெல்ட்டு இல்லியே. அல்லாரும் இப்டித்தான் சொல்றாங்கோ." கம்பியைத் தாழ்த்தினார். "செரி, உன் நாயின்னா கூப்டு. வந்துச்சுன்னா இட்டுக்கினு போ. எங்களுக்கு இன்னா."

இதைவிட நியாயமாக ஒரு மனுஷன் பேச முடியாது. தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் பெயர் சொல்லி, "வா" என்றேன்.

நாய் என்னைப் பார்த்தது. வால் ஒரு தடவை அசைந்தது. பிறகு அங்கேயே, புதருக்கு நடுவில், உட்கார்ந்தது. முதுகை நேராக வைத்து, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே நல்ல பிள்ளையாக உட்கார்ந்தது. அதுவரை உட்கார்ந்ததற்காக அதை யாரும் அடித்ததில்லை.

யாரோ சிரித்தார்கள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கம்பெனிக் குரலில், "வாடா இங்க!" என்று கத்தினேன். உட்கார்ந்திருந்தது அப்படியே தரையோடு ஒட்டிக்கொண்டது.

"வரலியே சார்" என்றார் அவர், வருத்தமாகத்தான்.

"இரு, பெல்ட்டு கொண்டாறேன், வில்லை இருக்கு" என்று வீட்டுக்குள் ஓடினேன். திரும்பி வருவதற்குள் இன்னொருவர் அதன் கழுத்தில் சுருக்கைப் போட்டிருந்தார். நாய் இழுக்கக்கூட இல்லை, நின்றது. மூத்தவர் வில்லையைத் திருப்பிப் பார்த்தார். "கரீட்டுதான். புட்ச்சிக்கோ சார், கம்பிய உட்றான்" என்றார்.

நான் நாயை நோக்கி நடந்தேன். பெல்ட் என் வலது கையில் தொங்கிக்கொண்டிருந்தது. நாய் அதைப் பார்த்தது. அதன் கால்களுக்கு நடுவே மண் நனைந்தது. கம்பி தளர்ந்த அந்த நொடியில், நான் எட்டிப் பிடிப்பதற்குள், எனக்கு எதிர்த்திசையில் ஓடியது. வீட்டுப் பக்கம் இல்லை, ஏரிப் பக்கமும் இல்லை. ரயில்வே லைன் பக்கம். அது அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

மூத்தவர் கம்பியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "எங்கள பாத்துகூட அது இப்டி பயப்படல சார்."

மத்தியானம் மனைவி நெற்றியில் குங்குமமும் கையில் எலுமிச்சம்பழமுமாக வந்தாள். நாய் வண்டி வந்தது, பயந்து ஓடிவிட்டது என்றேன். "கூப்பிட்டீங்களா?" என்றாள். "கூப்பிட்டேன்." அவள் கண் மேஜை மேல் கிடந்த பெல்ட்டுக்குப் போனது. பழத்தை சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. லைன் ஓரமாகவே திருமுல்லைவாயல் வரைக்கும் நடந்தோம். அவள் டப்பாவைக் குலுக்கிக் குலுக்கிக் கூப்பிட்டாள். நானும் கூப்பிட்டேன். எதுவும் வரவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். வேப்பம்பட்டிலிருந்து வேலைக்கு வருகிற ஃபிட்டர் ஒருவர், ஒரு கால் மட்டும் வெள்ளையாக ஒரு பழுப்பு நாய் அங்கே ஸ்டேஷனில் சுற்றுகிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் மின்சார ரயில் பிடித்துப் போனோம். அவ்வளவு தூரமா என்று நான் வழியெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில், வேப்பமர நிழலில், ஒரு நாய் படுத்திருந்தது. இளைத்திருந்தது. கால் இருந்த இடத்தில் வெயிலும் நிழலும் கலந்து விழுந்ததால் வெள்ளை தெரிகிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீங்க கூப்பிடாதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

திரும்பி நின்றேன். எதிரே ஸ்டேஷன் சுவர். டப்பா குலுங்கும் சத்தம் கேட்டது. அவள் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், வழக்கமாகக் கொல்லையில் கூப்பிடுகிற அதே குரலில். எங்கள் கல்யாணத்தில்கூட நான் சாமியை அப்படி வேண்டிக்கொண்டதில்லை. வந்துவிட்டால் இனிமேல் கை ஓங்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது. பிறகு காலடிச் சத்தம். அவளுடையது மட்டும்.

"நம்மளுதா?" என்றேன்.

"பாதி தூரம் வந்துச்சுங்க" என்றாள். "அப்புறம் உங்க முதுகைப் பார்த்துச்சு."

அடுத்த ஞாயிறு அவள் தனியாகப் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். வயிற்றில் பிள்ளை தங்கி, டாக்டர் ரயிலில் அலையக் கூடாது என்று சொல்லும் வரைக்கும் போனாள். ஒவ்வொரு தடவையும் டப்பா நிறையப் பொறை கொண்டுபோவாள், காலி டப்பாவோடு திரும்புவாள். அது நம் நாய்தானா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால், பிறகு ஏன் வீட்டுக்குக் கூட்டிவரவில்லை என்று கேட்க வேண்டியிருக்கும். அதற்கு அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை.