முன்பக்கம் இல்லாத இருக்கை

மாமனார் இட்லியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தது அது மூன்றாவது நாள். கோவையிலிருந்து நாங்கள் இருக்கும் வெளிமாநில நகரத்துக்கு வந்து, முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, வானவடிப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதிலிருந்தே இப்படித்தான். காப்பி வேண்டாம், சோறு வேண்டாம். வலி மாத்திரை மட்டும் வெறும் வயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். சாயங்காலத்துக்குள் வெளிக்குப் போகவில்லை என்றால் திரும்பக் கூட்டி வந்து சேர்த்துவிடுங்கள் என்று நர்ஸ் இந்தியில் கண்டிப்பாகச் சொன்னார்.

“அப்பா டாய்லெட்டுக்குப் பயந்துட்டுத்தான் சாப்பிடறதில்லை,” என்றாள் மனைவி. “என்னன்னு நீங்களே கேளுங்க. எங்கிட்டச் சொல்ல மாட்டேங்கறாரு.”

நான் டாய்லெட் பக்கம் பார்த்தேன். காரணம் உண்டு. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முதல் நாள் கமோடின் இருக்கையை மாற்றியிருந்தேன். பழையது முழு வளையம். ‘தானாக’ விரிசல் விட்டிருந்தது. என் விமான் நகர் அலுவலகத்தில் இருப்பது போல, முன்பக்கம் திறந்த லாட வடிவ இருக்கை ஒன்றை வாங்கி நானே மாட்டினேன்.

கேட்டதும் மாமனார் சுவரைப் பார்த்தார்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க மாப்பிள்ளை. முன்னாடி ஒடஞ்சு கெடக்குதுங்க. மிச்சமும் போயிட்டா, இந்தக் காலோட நான் எப்படி எந்திரிக்கறதுங்க?”

மாப்பிள்ளை வீட்டில் குறை சொல்லக்கூடாது என்று மனிதர் மூன்று நாள் பட்டினி கிடந்திருக்கிறார்.

“ஒடையலீங்க மாமா. பழசுதான் ஒடஞ்சுது, இது புதுசு. டிசைனே அப்படித்தான். உடம்பு படாம இருக்கறதுக்காக முன்னாடி எடம் விட்டிருக்காங்க. பொது எடத்துல எல்லாம் இதுதானுங்க.”

“பொது எடத்துல ஊர்ப்பட்ட பேரு உக்காருவாங்க. ஒடையாம என்ன பண்ணும்?”

உட்கார்ந்து காட்டினேன். வாக்கரைப் பிடித்தபடி வாசலில் நின்று பார்த்தார். இருக்கை ‘டக்’கென்று இடப்பக்கம் வழுக்கியது. நட்டுகளைக் கையாலேயே முறுக்கி வேலையை முடித்திருந்தேன். மாமனார் வாக்கரோடு ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஸ்பேனரோடு கமோடுக்கு அடியில் படுத்தேன். மனைவி செல்போன் வெளிச்சம் காட்டினாள். மணி நாலரை. தலைக்கு மேலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

“பழசு எப்படிங்க ஒடஞ்சுது?”

வெளிச்சம் என் முகத்துக்குத் திரும்பியது. பொய் சொல்ல வசதியான இடமில்லை அது.

“மேல ஏறிக் குந்தி உக்காருவேனுங்க மாமா. அப்பத்தான் எனக்கு வரும்.”

“கல்யாணம் ஆன நாள்ல இருந்தா?” என்றாள் மனைவி.

“ஆபீஸ்லயுந்தான். அங்க ஒடையவே இல்லை. அதை நம்பித்தான் இதை வாங்குனேன்.”

நட்டுகளை இறுக்கி முடித்து எழுந்தேன். மாமனார் இருக்கையைக் காட்டினார்.

“அப்ப ஏறிக் காட்டுங்க. உங்களத் தாங்குனா நான் உக்கார்றேன்.”

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். இரண்டு பக்கமும் பாதம் வைத்து மெதுவாகக் குந்தினேன். எண்பத்தாறு கிலோ. பிளாஸ்டிக் ஒருமுறை முனகியது. மாமனார் குனிய முடியாமல் குனிந்து நட்டுப் பக்கம் பார்த்தார்.

“நகரலீங்க,” என்றார். “எறங்குங்க.”

கதவைத் தாழ் போடாமல் சாத்திக்கொண்டார். நாங்கள் வெளியே நின்றோம். ஐந்து நிமிடம். பத்து. மனைவி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அன்பினால் அல்ல, நான் ஓடிவிடாமல் இருக்க. உள்ளே ஏதோ கிறீச்சிட்டது. கதவில் கை வைத்தேன்.

“வராதீங்க,” என்றது குரல்.

பிறகு தண்ணீர் கொட்டும் சத்தம். அதற்கும் பிறகு, வாக்கர் தரையில் தட்டித் தட்டி நகரும் சத்தம்.

“ஏனுங்க மாப்பிள்ளை, அந்த இட்லி இன்னும் இருக்குதுங்களா?”