பிறகு போடுவதற்கென்று விட்ட இடம்

இரண்டு சிறுநீரகமும் பழுதான ஒரு மனிதனுக்கு, இன்னும் பத்து வருடத்துக்குப் புதுப்பித்துக்கொண்டே போகக்கூடிய கணினி ஒன்றை நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அது படம் காட்டாது என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொன்னபோது “தெரியும்” என்று தலையாட்டினேனே, அதைச் சொல்ல இன்னும் வெட்கம்.

அந்த மனிதன் என் மனைவியின் தம்பி. பதினான்கு வருடம் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவன். கால் வீங்கத் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு நாள் நுவரெலியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டி வந்ததும், லொறிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலவாக்கலையில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தான். மோட்டார் சைக்கிளை விற்ற காசை என் கையில் வைத்தான்.

“மச்சான், லொறி ஓட்டுற கேம் ஒண்ணு இருக்காம். போன்ல ஓடாதாம், பெரிய கம்ப்யூட்டர் வேணுமாம். அது ஓடுனா போதும். முடிஞ்சா கையில புடிக்க ஸ்டியரிங் ஒண்ணும்.”

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிப்பவன். கணினியில் வினாத்தாள் அடிப்பேன், அவ்வளவுதான். ஆனால் வாசித்தால் எதுவும் விளங்கிவிடும் என்ற நோய் எனக்கு வெகுகாலமாக உண்டு. அதற்குச் சுத்திகரிப்பு கிடையாது. மூன்று வாரம் வாசித்தேன். மதர்போர்ட், புரோசஸர், ரேம், பவர் சப்ளை என்று எதைக் கேட்டாலும் முக்கால் மணித்தியாலம் பேசக்கூடிய நிலைக்கு வந்தேன். எவரும் கேட்கவில்லை. நானாகவே பேசினேன்.

வாசித்ததெல்லாம் ஒன்றைத்தான் சொன்னது: கையில் காசு குறைவென்றால், பிறகு கூட்டிக்கொள்ள இடம் விட்டு வாங்கு. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை அறைகளில், பிறந்தவனுக்கு ‘பிறகு’ என்றாலே ஒரு பக்தி. காணி பிறகு, வீடு பிறகு, சம்பள உயர்வு பிறகு. அத்திவாரம் போட்டு, அதற்கு மேல் புல் முளைத்துக் கிடக்கும் வீடுகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதே மாதிரி ஒரு கணினியைத் திட்டமிட்டேன். இனி வரப்போகும் புரோசஸர்களும் பொருந்தும் மதர்போர்ட். ரேம் நான்கு போட இடம், இப்போதைக்கு ஒன்று. என்றைக்கோ வாங்கப்போகும் கிராபிக்ஸ் கார்ட் வரைக்கும் தாங்கும் பவர் சப்ளை. மூன்று விசிறி வைத்த கேசிங்.

“மனுசனுக்கே கம்பளி பத்தாத குளிரு, இதுக்கு மூணு காத்தாடியா?” என்றாள் மனைவி.

“ஸ்டியரிங்கு?” என்றான் மச்சினன்.

“அது அப்புறம் பாப்போம். மொதல்ல அத்திவாரம் பலமா இருக்கணும்.”

“நான் என்னா மாடி வீடா கட்டப்போறேன் மச்சான்?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். பிறகு அதே பட்டியலோடு ஹட்டனுக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் பொறுமையான முஸ்லிம் மனிதர். அரை மணித்தியாலம் என் விரிவுரையைக் கேட்டார். பழைய ரக புரோசஸர் ஒன்றை எடுத்துக் காட்டி, “லொறி கேம் தானே சேர்? இதுல படம் காட்டுற சாமானும் உள்ளுக்கே இருக்கு. இன்னைக்கே ஓடும்” என்றார்.

“அதை வாங்கினால் பிறகு ஒன்றும் கூட்ட முடியாது” என்றேன், வகுப்பில் பேசும் தமிழில்.

“சரி. ஆனா சேர் எழுதியிருக்கிற புரோசஸர்ல அந்தச் சாமான் இல்ல. தனியா கார்ட் போடாட்டி படமே வராது.”

எனக்குத் தெரியாது. கார்ட் இல்லாவிட்டால் படம் கொஞ்சம் மங்கலாக வரும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அரை மணித்தியாலம் பாடம் எடுத்த வாய் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

“தெரியும். கார்ட் வீட்டில் இருக்கிறது.”

வீட்டில் எல்லாவற்றையும் பூட்டி, பொத்தானை அமுக்கியதும் மூன்று விசிறியும் சுற்றின, நீல விளக்கு எரிந்தது. திரை கறுப்பாக இருந்தது. மச்சினன் கதிரையை இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

“ரோட்டுல பனி மிஸ்டு வுழுந்திருக்கு போல மச்சான். லைட்ட போட்டு ஓட்டுவோமா?”

இன்னும் ஒரு சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற, கார்டைக் கொழும்பிலேயே வாங்க வேண்டியதாயிற்று. ஹட்டன் கடைக்குப் போய் நின்றால், வீட்டிலிருந்த கார்ட் எங்கே என்று அந்த மனிதர் கேட்பாரே. கொழும்பில் வேலை செய்யும் உறவுக்காரர் ஒருவர் தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொன்னார். தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது.

அந்த ஆறு வாரத்தில் அவன் பாதி ஆளானான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, “சாமான் வந்திச்சா?” என்பான். “வருது” என்பேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். கேட்டபோது இருந்ததைவிட அது கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் மனைவி, “அவன் பாக்குற மாதிரி ஒண்ண வாங்கியிருக்கலாம்ல?” என்றாள். புரோசஸர்களின் தலைமுறைகளைப் பற்றி அவளுக்கு விளக்கத் தொடங்கினேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

தீபாவளிக்கு முதல் நாள் காலை கார்ட் வந்தது. மத்தியானம் படம் வந்தது. எங்கோ ஐரோப்பாவில் ஒரு பெருந்தெரு, மழை, வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. ஊசி குத்திக் குத்தி வீங்கிய இடது கையை மடியில் கிடத்திவிட்டு, வலது கை விரல்களால் அவன் லொறியை எடுத்தான்.

“என்னா ரோட்டு மச்சான் இது? ஒரு வளைவு இல்ல, ஒரு ஏத்தம் இல்ல. இதுக்கு எதுக்குங்க டிரைவரு?”

ஆனாலும் ஓட்டினான். எதிரே லொறி வந்தால் உடம்பை ஒரு பக்கம் சாய்த்தான். மேசைக்கு அடியில் அவன் வலது கால் பிரேக்கைத் தேடி அமுக்கிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் போயிருக்கும். மூச்சு வாங்கியது. ஓரமாக நிறுத்தினான். சிக்னல் போட்டுத்தான் நிறுத்தினான்.

“நாளைக்கு ஓட்டுறேன்.”

மறுநாள் விடியும்போது மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பதினொரு நாள் அங்கே இருந்தான். திரும்பி வந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும், அந்தச் சாமான் இனி முன்னறையில் இருக்கக்கூடாது என்றாள் மனைவி. சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றி ஹட்டனுக்குக் கொண்டுபோனேன். யாருக்காக வாங்கியது என்று நான் சொல்லவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. பக்கத் தகட்டைக் கழற்றி, டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். விசிறியை விரலால் தடவி, தூசி இருக்கிறதா என்று பார்த்தார்.

“ஓடவே இல்லியே சேர் இது. பெட்டிகள எறியாம வச்சிருந்தீங்கன்னா புதுசுன்னே வித்திருக்கலாம்.”