நான் போட்ட அவள் கையெழுத்து

“1997 ஏப்ரல் 12. வரிப் படிவம் தபாலில் சேர்த்தேன்” என்கிறது என் டைரி. அமெரிக்காவில் நானும் மனைவியும் வெவ்வேறு மாநிலங்களில் மாணவர்கள். ஒரே குடும்பம்தானே என்று இருவருக்கும் ஒரே படிவம் நிரப்பி, அவள் கையெழுத்தையும் நானே போட்டிருந்தேன்.

விடுமுறைக்குக் கோவை வந்திருந்தபோது அமெரிக்க வரித் துறையின் கடிதம், என் படிவத்தின் நகலோடு வந்தது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் தனித்தனியாகத்தான் தாக்கல் செய்யவேண்டுமாம். விசா ரத்தாகி இருவர் படிப்பும் நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

மனைவி நகலைப் பார்த்தாள். “ஏனுங்க, என்ற கையெழுத்த யாருங்க போட்டது?”

“நாந்தான் அம்மணி. உனக்கெதுக்குச் சிரமம்னு...”

“ரெண்டு மாநிலத்துல வேலை செஞ்சனுங்க. ஒண்ணை உட்டுப்போட்டீங்களே. ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்களா?”

டைரியைப் புரட்டினேன். அவள் அந்த வேலைக்குப் போன நாள் எங்குமே இல்லை.

மத்திய அரசுக்கும், தனியே வரி வாங்கும் அந்த இரு மாநிலங்களுக்கும் தன் புதுப் படிவங்களை அவளே நிரப்பிக் கையெழுத்திட்டாள். ஒரு மாநிலம் பதில் எழுதியது. மற்றதற்கு அவள் படிவம் போய்ச் சேர்ந்ததா என்பதை இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.